சமையல்கட்டுப் பதினோரு பேர்

என் ஓரகத்தியை யாராவது என் எதிரில் புகழ்ந்தால் எனக்கு உடனே ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்துவிடுவேன், மாடியில் துணி காய்கிறது என்று கிளம்பிவிடுவேன். அடுப்பில் பாலும் இருக்காது, மாடியில் துணியும் இருக்காது. என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. "எங்க எய்ந்து போற? குந்து. உன் தங்கச்சியப் பத்திதான பேசிகினு இருக்காங்க" என்று எல்லார் எதிரிலும் பிடித்து உட்கார வைப்பார். தங்கச்சியாம். என் கொழுந்தனார் தாலி கட்டிக் கூட்டிவந்த ஒருத்தி எனக்கு எப்படித் தங்கச்சி ஆவாள்?

கவரைப்பேட்டையில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் இரண்டு வீடும். நடுவில் ஒரு சுவர், பொதுவில் ஒரு குழாய். அவள் வந்த நாளிலிருந்து அந்தக் குழாயில் எனக்கு முன்னால் தண்ணீர் பிடித்ததே இல்லை. "நீ புட்ச்சிக்கோக்கா" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். சண்டைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் எதையும் யோசித்துச் செய்கிறவள் கிடையாது. நான் கால் கிலோ கத்திரிக்காய் வாங்க ஒரு கூடையையே புரட்டிப் பார்ப்பேன். அவள் பேசிக்கொண்டே கைக்கு வந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவாள், ஒன்றில்கூடப் புழு இருக்காது. இதற்கெல்லாமா வயிறு எரியும் என்று கேட்பீர்கள். எரிகிறது. நான் என்ன செய்யட்டும்?

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஜெர்மன்காரர்களுடைய ஒரு ரப்பர் கம்பெனியில். கார் இன்ஜினில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற வளையங்களைச் செய்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், பர்மனென்ட். சூடான பிரஸ் மெஷினில் ரப்பரை வைத்து, அழுத்தி, எடுப்பது என் வேலை. அங்கே சைரன் அடித்தால் ஒரு சட்டம் உண்டு. கையில் எது இருந்தாலும் விட்டுவிட வேண்டும். இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஓரடி பின்னால் வந்து, தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து மெஷின் நின்றுவிட்டதா என்று பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கையை இறக்கலாம். டீ சைரன், சாப்பாட்டுச் சைரன், ஷிப்ட் மாறுகிற சைரன், எல்லாவற்றுக்கும் இதேதான். விரலைக் காப்பாற்றுகிற சட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் செய்து செய்து உடம்பிலேயே ஊறிவிட்டது. ஒரு தீபாவளிக்குப் பொன்னேரியில் துணி எடுத்துக்கொண்டு வரும்போது பக்கத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

என் ஓரகத்தியும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள், கேன்டீனில். கேன்டீனை எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டரின் ஆள். அவரிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கேன்டீனில் சைரனுக்கு வேறு அர்த்தம். சைரன் அடித்தால் பசியோடு ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாங்கள் கையைத் தூக்கி நிற்கிற அதே நேரத்தில் அவர்கள் புடவையைச் செருகிக்கொண்டு பறந்துகொண்டிருப்பார்கள்.

போன வருஷம் மகளிர் தினத்துக்குக் கொஞ்சம் முன்னால் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மெமோவோ என்று பயந்துகொண்டு போனேன். ஏ.சி. ரூமில் உட்கார வைத்துக் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். வழவழ தாள், ஆங்கிலம், நிறையப் போட்டோக்கள்.

"ஜெர்மனில நம்ம கம்பெனி ஆரம்பிச்ச ஊர்ல ஒரு லேடீஸ் ஃபுட்பால் கிளப் இருக்கும்மா. அவங்க ஜெர்சில நம்ம கம்பெனி பேருதான் போட்டிருக்கும். இப்போ கிளப்புக்கு ஆண்டு விழா. ஒவ்வொரு நாட்டுலேருந்தும் ஒரு லேடி ஒர்க்கரைக் கூப்பிடறாங்க. எல்லாரும் சேர்ந்து அந்த கிளப்போட ஒரு மேட்ச் ஆடணும். ஒரு வாரம், எல்லாச் செலவும் அவங்களோடது. இந்தியாவுக்கு ஒரே ஒரு இடம். நம்ம பிளான்ட்டும் ஸ்ரீபெரும்புதூர் பிளான்ட்டும் ஒரு மேட்ச் ஆடுவீங்க, அந்த கிளப்லேருந்து ஒரு மேடம் வந்து பார்த்து ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க. நீங்கதான் நல்லாப் படிப்பீங்களே, இந்த கிளப் ஹிஸ்டரியத் தமிழ்ல எழுதி மகளிர் தினத்தன்னிக்குக் கேன்டீன் மைக்ல படிச்சிடுங்க."

அவர் பேசி முடிக்கும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். அந்த ஒருத்தி நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் கோ-கோ ஆடியவள். திருவள்ளூரில் மாவட்டப் போட்டிவரை போய் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கி வந்தவள். என் காலைப் போல ஒரு கால் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பத்தாவதுக்குப் பிறகு அது நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு ஆளும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு எனக்கென்று நான் ஒன்றுக்கு ஆசைப்பட்டது என்றால் இந்த ஜெர்மனிப் பயணத்துக்குத்தான்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, செல்போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் எழுதினேன். அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் ‘அந்த ஊர்’ என்றே எழுதினேன்.

கிளப்பை ஆரம்பித்தது அந்த ஊர்த் தொழிற்சாலையின் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்த, பாத்திரம் தேய்த்த பெண்கள். பதினோரு பேர். பெரிய யுத்தம் முடிந்து ஊரில் பாதி வீடு இடிந்து கிடந்த சமயம். அவர்கள் தொழிற்சாலை ஆட்கள்கூட இல்லை, சமையலைக் கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் கூலிக்கு இருந்தவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கத்துக் காலி மனையில் பந்தை உதைத்திருக்கிறார்கள். முதல் போட்டோவில் பதினோரு பேரும் சமையல் ஏப்ரனோடு நிற்கிறார்கள். ஏப்ரனிலேயே கரியால் நம்பர் எழுதியிருக்கிறது. ஒருத்திக்கு முன்பல் இல்லை. அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிக்கிறாள்.

அடுத்தாற்போல அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. பெண் உடம்புக்கு ஆகாதாம், பார்க்க லட்சணமாக இல்லையாம். சங்கத்தில் சேர்ந்த எந்த கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது, நடுவர் அனுப்பக் கூடாது. ஜெர்மனியிலா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பெரியப்பா போய்ச் சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது. இவர்கள் விடவில்லை. மாட்டுச் சந்தை கூடுகிற இடத்தில், சந்தை இல்லாத நாளில், சாணியை வாரிக் கொட்டிவிட்டு ஆடினார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் லாரியில் ஏறி வந்து எதிர்த்து ஆடினார்கள். போலீஸ் வந்து ஒரு தடவை பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த வாரம் வேறு பந்து வாங்கினார்கள்.

இதைப் படித்தால் பரிதாபம் வர வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். தடை போடுவதென்றால்கூட, இவர்கள் ஆடுகிறார்கள் என்று முதலில் எவனுக்காவது கண் உறுத்தியிருக்க வேண்டும் அல்லவா? என்னை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அளவுக்கு ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள் என்பதே யாருக்கும் தெரியாது. பந்தைப் பிடுங்க ஒரு போலீஸ்காரன் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் நான் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ரொம்ப வருஷம் கழித்துத் தடையை எடுத்தார்கள். எடுத்தும் மனசு வரவில்லை. பெண்களுக்கு ஆட்ட நேரம் குறைவு, பந்து சின்னது, குளிர்காலத்தில் ஆடக் கூடாது என்று ஆயிரம் நொட்டை. இவர்கள் அந்த ஊர் ஆண்கள் கிளப்பில் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்கள் போட்டுக் கழித்த சட்டையைக் கொடுத்தார்கள், ஆண்கள் பயிற்சி முடித்து மைதானத்தைச் சேறாக்கிவிட்டுப் போன பிறகு ஆடச் சொன்னார்கள். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாக வந்துவிட்டார்கள். அந்த நாட்டுப் பெண்கள் அணி முதன்முதலாகப் பெரிய கோப்பை ஜெயித்தபோது ஆளுக்கு ஒரு டீ செட் பரிசாகக் கொடுத்தார்களாம். அந்த இடத்தில் மட்டும் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எங்கள் கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில் ஆண்களுக்குக் கப்பு, பெண்களுக்கு ஹாட் பாக்ஸ்.

கிளப் ஒரே ஒரு வருஷம் முதல் டிவிஷனில் ஆடியது. அதற்குள் பணக்கார ஆண்கள் கிளப்புகளெல்லாம் தாங்களும் பெண்கள் அணி வைக்கிறோம் என்று கிளம்பி, இவர்களுடைய நல்ல ஆட்டக்காரிகளை ஒவ்வொருத்தியாக இழுத்துக்கொண்டார்கள். அணி கீழே விழுந்தது. இன்றைக்கும் கீழ் டிவிஷனில்தான் ஆடுகிறது. மேட்ச் நாளில் பழைய ஆட்டக்காரிகள் கேக்கும் காபியும் விற்றுப் பந்து வாங்கித் தருகிறார்கள். தோற்ற வருஷத்தையெல்லாம்கூட அந்தப் புத்தகத்தில் விடாமல் எழுதியிருந்தார்கள், போட்டோவோடு. முழங்காலெல்லாம் சேறு, தலைமுடி பறக்கிறது, வாய் திறந்து கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். என் கல்யாண ஆல்பத்திலிருந்து கம்பெனி ஐ.டி. கார்டுவரை, ஓடுகிற மாதிரி எனக்கு ஒரு போட்டோ கிடையாது. எல்லாவற்றிலும் நிற்கிறேன், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிறேன். தோற்றாலும் பரவாயில்லை, இப்படி ஒரு போட்டோவில் தோற்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரிகளைப் பார்த்து வயிறு எரிந்தேன்.

மகளிர் தினத்தன்று சாப்பாட்டு நேரத்தில் மைக்கைப் பிடித்து மொத்தத்தையும் படித்தேன். யார் கேட்டார்கள்? ஒரு பக்கம் அப்பளம் தீர்ந்துவிட்டது என்று சத்தம், இன்னொரு பக்கம் கைகழுவும் இடத்தில் தள்ளுமுள்ளு. எச்.ஆர். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். புத்தகத்தை என்னிடம் கொடுத்தவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. முழுசாகக் கேட்டவர்கள் கவுண்டருக்குப் பின்னால் நின்ற கேன்டீன் பெண்கள் மட்டும்தான். இரண்டாவது சோற்றுக்கு ஆள் வருகிறவரை அவர்களுக்கு வேலை இல்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அணி சேர்ப்பதுதான் பெரும் பாடாகப் போயிற்று. டிராக் பேன்ட் போட வேண்டும் என்றதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். ஒருத்திக்கு மாமியார் திட்டுவாள், ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்கு வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டிக் கொட்டிப் பத்துப் பேர் தேறினோம். ஸ்ரீபெரும்புதூர்க்காரிகள் பதினோரு பேரோடு தயாராக இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஆளில்லாமல் மேட்சே நின்றுபோனால் என் ஜெர்மனி என்ன ஆவது? குழாயடியில் என் ஓரகத்தியைப் பிடித்தேன்.

"இந்தாம்மே, ஒரு ஆள் கொறையுது. வந்து சும்மா நில்லு. பந்து கிட்ட வந்தா ஒதைச்சி வுடு, போதும்."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நீ சொல்ற, வரேன்" என்றாள். கேன்டீன் பெண்ணைச் சேர்க்கலாமா என்று எச்.ஆரில் கேட்டேன். ஆடுவதற்கு யார் வந்தால் என்ன, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றார்கள்.

லாரி நிறுத்துகிற இடத்தில் முள்ளை வெட்டிக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிற சூளூர்ப்பேட்டைக்காரர் ஒருவர் சின்ன வயதில் பந்து ஆடியவர், அவர்தான் எங்களுக்குப் பயிற்சி. பக்கத்து இரும்பு மில் கரி காற்றில் வந்து முகத்தில் படியும், அதிலேயே மூச்சிரைக்க ஓடுவோம். பந்தை எந்தக் காலில் வாங்க வேண்டும், எப்படித் தட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் வீட்டில் சிமென்ட் தரையில் தினமும் பழகினேன். என் ஓரகத்தி ஒன்றும் பழகவில்லை. சோறு வடித்துவிட்டு வருவாள், சிரித்துக்கொண்டே ஓடுவாள், போய்விடுவாள். நாலாம் நாள் அந்தச் சூளூர்ப்பேட்டைக்காரர், "நைனா! அந்தம்மா காலப் பார்த்தியா? குதிர மாரி ஓடுது" என்றார். அன்றைக்கு எனக்குக் குடிநீர்க் கேனை மாற்ற வேண்டிய வேலை நினைவுக்கு வந்தது.

மேட்ச் நாளில் ஜெர்மன் மேடம் வந்திருந்தார். கட்டையாக வெட்டிய நரைத்த முடி, ஆறடி உயரம், உட்கார்ந்தாலும் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த கிளப்பில் ஒரு காலத்தில் கேப்டனாம். இப்போது எங்கள் தலைமைக் கம்பெனியில் ஆடிட்டராக இருக்கிறார். எங்களுக்கு அந்த கிளப்பின் ஜெர்சியையே கொண்டு வந்து கொடுத்தார். நான் ஒன்பதாம் நம்பரை எடுத்துக்கொண்டேன்.

நான் நன்றாக ஆடினேன், அதை யாரும் மறுக்க முடியாது. முதல் கோல் நான் போட்டது. அவர்கள் ஒன்று திருப்பிப் போட்டார்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், இரண்டு பக்கமும் சமம். அப்போது பந்து என் காலுக்கு வந்தது. ஒருத்தியைத் தாண்டினேன், இன்னொருத்தியைத் தாண்டினேன். அவர்களுடைய கோலி முன்னால் பாய்ந்து வந்து வழுக்கி விழுந்தாள். என் எதிரில் கோல் திறந்து கிடக்கிறது. ஒரு குழந்தைகூடத் தட்டிவிடலாம்.

ஷிப்ட் மாறுகிற சைரன் அடித்தது.

என் காலிலிருந்து பந்து விலகியது. இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். ஓரடி பின்னால் வந்து நின்றேன். நினைத்துச் செய்யவில்லை, உடம்பு செய்துவிட்டது. நானும் என்னோடு ஆடிய பிரஸ் செக்‌ஷன் பெண்கள் அத்தனை பேரும் மைதானத்தில் அங்கங்கே கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். ஸ்ரீபெரும்புதூரில் பிரஸ் மெஷின் கிடையாது. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்குப் பின்னாலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. என் ஓரகத்தி. சைரன் காதில் விழுந்ததும் அவள் உடம்பு கேன்டீன் கவுண்டரைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. அப்படி ஓடி வந்தவள் வழியில் கிடந்த என் பந்தை ஒரே உதை. வலையில்லாத கோல், பந்து நேராகப் போய்ச் செக்யூரிட்டி ரூம் சுவரில் அடித்து நின்றது. ஜெர்மன் மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார். நான் இன்னும் கையை இறக்கவில்லை. தலையாட்ட சூப்பர்வைசர் இல்லையே.

மேட்ச் முடிந்ததும் எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்து டீயும் கேசரியும் கொடுத்தார்கள். மேடம் நேராகப் போய் என் ஓரகத்தியின் தோளில் கையை வைத்து, "திஸ் ஒன்" என்றார். அவள் கேசரித் தட்டோடு முழித்தாள். நான் என் தட்டைக் கீழே வைத்தேன்.

எச்.ஆர். மேனேஜர் பதறிப் போய் மேடத்தின் காதில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "இதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. இவங்க கான்ட்ராக்டர் ஆளு. கம்பெனி ரோல்ல இருக்கிறவங்கதான் போக முடியும். அதனால நம்ம டீம்ல அடுத்ததா நல்லா ஆடினவங்க..." என்று என்னைப் பார்த்தார்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் ஓரகத்தியின் முகத்தை நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எந்தப் புடவையில் போட்டோ எடுப்பது என்பதுவரை நினைத்துவிட்டேன்.

கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கிற அம்மா. "சார், அந்த ஊர்ல மொதமொதல்ல ஆடுனதே கேன்டீன்காரிங்கதான? அவங்களும் கான்ட்ராக்ட்டு ஆளுங்கதான? இந்தப் பொண்ணுதான மைக்ல பட்ச்சிச்சு."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா? அப்படியா இருக்கு அதுல?"

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. மேனேஜர் புத்தகத்தைப் படித்ததில்லை. இல்லை சார், அந்தம்மா தப்பாகக் கேட்டிருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிடலாம். வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கண் முன்னால் அந்த முன்பல் இல்லாதவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கரியால் நம்பர் எழுதிக்கொண்ட அந்தப் பதினோரு பேரை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் கொண்டுவந்தவள் நான். அவர்களைப் பார்த்து அவ்வளவு வயிறு எரிந்தவளும் நான்தான். அவர்கள் சமையல்கட்டில் இருந்ததே இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் ஓரகத்தி மட்டும்தான் என்றால் அந்தப் பொய்யைச் சொல்லியே இருப்பேன்.

"ஆமா சார். அப்படித்தான் இருக்கு. முதல் பதினோரு பேரும் கான்ட்ராக்ட் ஆளுங்கதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவர் மேடத்திடம் அதைச் சொன்னார். மேடம் மேஜையைத் தட்டிச் சிரித்தார், நீளமாக ஏதோ பேசினார். மேனேஜர் கையை விரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "அழைக்கிறது கிளப்பாம், கம்பெனி இல்லையாம். அவங்க கிளப்ல யாரு எந்த ரோல்ல இருக்காங்கன்னு ஒருநாளும் கேட்டது இல்லையாம்." கேன்டீன் பெண்கள் கரண்டியால் குண்டானைத் தட்டி எழுப்பிய சத்தம் மெயின் கேட்வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் காம்பவுண்டில் வேறு பேச்சே கிடையாது. அவளுக்குப் பாஸ்போர்ட், அவளுக்கு ஸ்வெட்டர், அவளுக்கு ஊறுகாய். ஆரணியிலிருந்து அவள் அம்மா வீட்டு ஆட்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழத்தைக் கழுவித் தட்டில் வைத்தது நான். என் வீட்டுக்காரர், "எங்க ஊட்டுப் பொண்ணு ஜெர்மனிக்குப் போவுது" என்று ஸ்டேஷன் டீக்கடைவரை சொல்லிவிட்டு வந்தார். நான் ஒருத்தி எங்கும் போகாமல் அதே வீட்டில்தான் இருந்தேன்.

குழாயடியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அங்க இன்னானா கேட்டா நான் இன்னா சொல்றது? அந்தக் கதைய எனக்குச் சொல்லிக் குடு." மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சந்தையும் தடையும் சட்டையும் டீ செட்டும் அவள் தலையில் குழம்பிப் போயின. போலீஸ்காரன்தான் டீ செட் கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மொத்தக் கதையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள் குடத்தோடு நிற்கிறேன், போலீஸ்காரன் டீ செட் கொடுத்தான் என்கிறவள் அந்த மைதானத்தில் போய் நிற்கப் போகிறாள். அந்த முதல் போட்டோ அங்கே கிளப் சுவரில் மாட்டியிருக்கிறதாம், ஆளுயரத்துக்கு. இவள் அதற்கு முன்னால் நிற்பாள் என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு ஏர்போர்ட்டுக்குப் போகக் கம்பெனி கார் வாசலில் வந்து நின்றது. தெருவே கூடியிருந்தது. கொழுந்தனார் பெட்டியைக் காரில் ஏற்றினார். எல்லார் காலிலும் விழுந்து எழுந்தவள் கடைசியாக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"உன்னாலதான்க்கா போறேன்" என்றாள்.

"தெரியும். அதான் வயிறு எரியுது" என்றேன்.

தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விடாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கும் தெரியும்க்கா. கல்யாணமாகி வந்த அன்னிலேருந்தே தெரியும்."

பிறகு கையை விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். கார் ஜி.என்.டி. ரோட்டில் ஏறிச் சென்னைப் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் அவள் உன்னிடம் என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.